பியேர் ஹதோ சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நீங்கள் கேட்டது சுருக்கமான கேள்வி. பியேர் ஹதோ என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தார் என்று படித்திருக்கிறீர்கள். பண்டைய கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் தத்துவம் என்பது வாழும் முறையாக இருந்தது என்று அவர் சொன்னதாகவும் படித்திருக்கிறீர்கள். இந்தக் கருத்து ஆராய்ச்சியில் நிற்கிறதா, அல்லது மதத்தை விட்டு வந்த ஒருவர் அதையே தத்துவத்தின் பெயரில் திரும்பக் கொண்டுவந்தாரா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று புரிந்துகொள்கிறேன். நியாயமான சந்தேகம். கிரேக்க, லத்தீன் தத்துவ நூல்களைப் பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து வாசித்து வருகிறேன். ஹதோவின் நூல்கள் எப்போதும் கை எட்டும் இடத்தில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஏனென்றால் அந்தக் கருத்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பலரும் நினைப்பது ஒன்று, உண்மையில் வந்த வழி வேறு.

1922-இல் பாரிஸில் பிறந்தார், ரெய்ம்ஸ் நகரில் வளர்ந்தார். அம்மா மிகுந்த பக்தி உள்ளவர். மகன்கள் எல்லோரும் பாதிரியாராக வேண்டும் என்பது அவர் ஆசை. பத்து வயதில் குருமடப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். 1944-இல், இருபத்திரண்டு வயதில், குருப்பட்டம் பெற்றார். ஆனால் தன்னைத் தத்துவத்தின் பக்கம் திருப்பியது குருமடம் இல்லை என்று பிற்காலப் பேட்டிகளில் ஹதோ சொல்கிறார். பதின்வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது இருட்டிவிட்டது. மேலே வானம் முழுக்க நட்சத்திரங்கள். தானும் இந்த உலகத்தின் ஒரு பகுதி, தான் இங்கே இருக்கிறோம் என்ற உணர்வு திடீரென்று அவரை ஆட்கொண்டது; அச்சமும் ஆனந்தமும் கலந்த உணர்வு. அதற்குத் தன்னுடைய மதக் கல்வியில் இடமே இல்லை என்று அப்போதே தோன்றியது என்கிறார். இதை நான் சும்மா சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவர் எழுத்தில் கடவுளை விடப் பிரபஞ்சம்தான் பெரிதாக நிற்கும். அவரை மறைமுக மதவாதி என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் புதிய இறையியல் போக்குகளைக் கண்டித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். ஹதோவுக்கு அது பெரிய அதிர்ச்சி. கூடவே காதலும் வந்தது. 1952-இல் திருச்சபைப் பணியை விட்டு விலகினார், அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். பிரான்சின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் ஹதோவுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆள் மாரியஸ் விக்டோரினஸ். நான்காம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த சொற்கலை ஆசிரியர் இவர். கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் தன்னுடைய 'ஒப்புதல்கள்' எட்டாம் புத்தகத்தில் இவர் கதையைச் சொல்கிறார். புகழின் உச்சத்தில் ரோமின் பொதுச் சதுக்கத்தில் சிலை வைக்கப்பட்ட விக்டோரினஸ், முதிய வயதில் ஒரு நண்பரிடம் "நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான்" என்று தனியாகச் சொல்வார். "தேவாலயத்தில் உங்களைப் பார்த்தால்தான் நம்புவேன்" என்பார் நண்பர். "அப்படியானால் சுவர்கள்தான் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றனவா?" என்று கேட்பார் விக்டோரினஸ். கேட்க அழகான கதை, ஆனால் அவருடைய இறையியல் நூல்கள் படிக்கப் படிக்கத் தலை சுற்றும். கிரேக்கத் தத்துவச் சொற்களை லத்தீனில் பிழிந்து எழுதியவை. இந்த மனிதரோடு ஹதோ ஏறத்தாழ இருபது ஆண்டு மல்லுக்கட்டினார். பால் ஆன்ரி என்ற இயேசு சபை அறிஞரோடு சேர்ந்து 1960-இல் மூலநூலையும் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். 1968-இல் விக்டோரினஸையும் அவருக்கு முந்தைய கிரேக்கத் தத்துவவாதி போர்ஃபிரியையும் பற்றிய பெரிய ஆய்வேடு வந்தது.

இந்த வேலையின் சுவை தெரிய ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். டூரின் நூலகத்தில் ஒரு பழைய லத்தீன் நற்செய்திக் கையெழுத்துப்படி இருந்தது. அதன் சில தாள்கள் முன்பு எழுதியதைச் சுரண்டிவிட்டு மறுபடி பயன்படுத்தியவை. சுரண்டிய எழுத்தின் அடியில் பிளேட்டோவின் 'பார்மெனிடஸ்' உரையாடலுக்கு ஒரு கிரேக்க விளக்கவுரையின் துண்டுகள் தெரிந்தன. எழுதியவர் பெயர் இல்லை. ஜெர்மானிய அறிஞர் க்ரோல் 1892-இல் அதைப் படித்து அச்சேற்றினார். 1904-இல் நூலகத்தில் தீப்பிடித்து அந்தப் பிரதி அழிந்தே போனது. க்ரோல் படித்து வைத்ததுதான் நமக்கு மிச்சம். அந்தத் துண்டுகளில் 'இருக்கும் பொருள்' வேறு, 'இருத்தல் என்ற தூய செயல்' வேறு என்று ஒரு நுட்பமான பிரிவு வருகிறது. அதே பிரிவு விக்டோரினஸிடமும் இருப்பதை ஹதோ கண்டார். இரண்டையும் சொல் சொல்லாக ஒப்பிட்டு, இந்த உரையை எழுதியது மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி புளோட்டினஸின் மாணவர் போர்ஃபிரிதான் என்று 1961-இல் வாதிட்டார். நீண்ட காலம் பலரும் அதை ஏற்றார்கள்.

இன்று அது உறுதியானது என்று நான் சொல்ல மாட்டேன். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, பழைய எகிப்திய மொழியான காப்டிக்கில் எழுதிய நூல்களில் 'சோஸ்திரியானோஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பகுதியும் விக்டோரினஸின் ஒரு பகுதியும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போவதை மிஷேல் தார்தியூ 1996-இல் காட்டினார். 'சோஸ்திரியானோஸ்' என்ற பெயருள்ள நூல் ஒன்று புளோட்டினஸின் வகுப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று போர்ஃபிரியே எழுதியிருக்கிறார். அப்படியானால் ஹதோ போர்ஃபிரியின் கணக்கில் வைத்ததில் ஒரு பங்காவது அவருக்கும் முந்தையதாக இருக்கலாம். சிலர் பார்மெனிடஸ் உரையையே புளோட்டினஸுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். எனக்குக் காப்டிக் தெரியாது. இந்த இடத்தில் மற்றவர்கள் மொழிபெயர்ப்பை நம்பித்தான் பேசுகிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். தன்னுடைய பழைய முடிவுக்குச் சங்கடமான அந்தக் கண்டுபிடிப்பு வந்தபோது ஹதோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தார்தியூவின் ஆய்வு வந்த அதே தொகுதியில் தானும் அந்தப் பொருத்தத்தை ஆராய்ந்து எழுதினார்.

சரி, இந்த மூலநூல் ஆராய்ச்சிக்கும் 'வாழும் முறை' என்ற கருத்துக்கும் என்ன தொடர்பு? இதுதான் தொடர்பு. பண்டைய தத்துவ நூல்களை வரி வரியாகப் படிக்கிற எவருக்கும் ஒரு எரிச்சல் வரும். சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார்கள், பாதியில் வேறு எங்கோ போய்விடுவார்கள். இவர்களுக்கு ஒழுங்காக ஒரு புத்தகம் எழுதத் தெரியாதா என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் அப்படித்தான் எழுதியும் வைத்தார்கள். ஹதோ கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்த நூல் யாருக்காக, எந்தச் சூழலில், என்ன பலனை எதிர்பார்த்து எழுதப்பட்டது? பிளேட்டோவின் உரையாடல்கள் தகவல் தருவதைவிட ஆளை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்டவை என்று விக்டர் கோல்ட்ஷ்மிட் என்ற ஆய்வாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஹதோ அதை எடுத்து, ஏதென்ஸ் பள்ளிகளிலிருந்து ரோமப் பேரரசின் கடைசிக் காலம் வரை விரித்தார். ஆக, அவருடைய கருத்து குருமட நினைவிலிருந்து வந்ததை விட, முரண்படும் வாக்கியங்களோடு போராடிய ஒரு பதிப்பாசிரியரின் மேசையிலிருந்து வந்தது என்பதுதான் என் முடிவு.

இன்னொருவரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பல அறிமுகக் கட்டுரைகளில் இவர் பெயரே வருவதில்லை. 1966-இல் ஹதோ மணந்த இல்ஸட்ராவுட், ஜெர்மனியில் ரோமானியத் தத்துவவாதி செனெக்காவைப் பற்றி ஆய்வு செய்தவர். கிரேக்க ரோமானிய மரபில் ஆசிரியர் மாணவரின் மனத்தை எப்படி வழிநடத்தினார் என்பதுதான் அவர் ஆய்வுப் பொருள். 1969-இல் அது நூலாக வந்தது. தன் சிந்தனை இந்தத் திசையில் போனதில் மனைவிக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஹதோவே ஒப்புக்கொண்டிருக்கிறார். பால் ராபோவ் என்ற ஜெர்மானியரும் 1954-இலேயே இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கு வேர் பண்டைய தத்துவத்தில் இருக்கிறது என்று காட்டியிருந்தார். எனவே 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்று ஹதோ 1977-இல் கட்டுரைத் தலைப்பு வைத்தபோது, கிறிஸ்தவத்தைத் தத்துவத்துக்குள் கொண்டுவரவில்லை. கிறிஸ்தவம் தத்துவத்திடமிருந்து வாங்கிக்கொண்டதைத் திரும்பச் சுட்டிக்காட்டினார். இறப்பை நினைத்துப் பார்ப்பது, நாள் முடிவில் தன்னைத் தானே விசாரிப்பது, நிகழ்கணத்தில் கவனம் வைப்பது, உலகை மேலிருந்து பார்ப்பதுபோல் கற்பனை செய்வது ஆகியவையே அவர் சொல்லும் பயிற்சிகள். இவற்றுக்கான சான்று ஸ்டோயிக் என்ற பண்டைய தத்துவப் பள்ளியைச் சேர்ந்த செனெக்காவிடமும் எபிக்டீடஸிடமும் ரோமப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸிடமும் கண்முன்னே கிடக்கிறது. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

அவருடைய வாசிப்பு முறை எவ்வளவு பலமானது என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் காட்டுவது மார்கஸ் ஆரேலியஸின் ஆறாம் புத்தகம், பதின்மூன்றாம் குறிப்பு. பேரரசர் தனக்குத் தானே எழுதிக்கொள்கிறார்: தட்டில் இருக்கிற இந்தப் பதார்த்தம் ஒரு மீனின் பிணம், அது ஒரு பன்றியின் பிணம், இந்த உயர்ந்த ஃபலெர்னிய மது வெறும் திராட்சைச் சாறு, நான் உடுத்தியிருக்கும் இந்தச் செவ்வூதா அங்கி, சிப்பியின் இரத்தத்தில் தோய்த்த ஆட்டு ரோமம். இதைப் படித்தவர்கள், மனிதர் வாழ்க்கையை வெறுத்துவிட்டார் என்றார்கள். வயிற்றுப்புண் என்று நோயறிந்தவர்களும் உண்டு. 1961-இல் தாமஸ் ஆஃப்ரிக்கா என்ற வரலாற்றாசிரியர், மருத்துவர் கேலன் கொடுத்த மருந்தில் அபின் இருந்ததை வைத்து, பேரரசர் அபினுக்கு அடிமை என்றே எழுதினார். ஹதோ 1972-இல் வேறு விளக்கம் தந்தார். இது மனநிலைக் குறிப்பே இல்லை. ஸ்டோயிக் பள்ளியில் கற்றுத்தந்த ஒரு பயிற்சி. ஒரு பொருளின் மேல் நம் ஆசையும் கௌரவமும் பூசிய மதிப்பை உரித்துவிட்டு, அது இயற்கையில் என்னவோ அதை மட்டும் சொல்வது. அதே மார்கஸ், ரொட்டியின் மேல் வெடிப்பும் முற்றிய அத்திப்பழத்தின் பிளவும்கூட அழகு என்று மூன்றாம் புத்தகத்தில் எழுதுகிறார். வெறுப்பில் மூழ்கிய மனிதர் இப்படி எழுத மாட்டார். இந்த விளக்கத்துக்குப் பிறகு அபின் கதையை யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு மனிதர் தினமும் முயன்று செய்த பயிற்சியை நோய் என்று தள்ளுவது அநியாயம்.

ஆனால் 1992-இல் மார்கஸைப் பற்றி எழுதிய பெரிய நூலில் ஹதோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆசை, செயல், தீர்ப்பு என்று எபிக்டீடஸ் பிரித்த மூன்று துறைகள்தான் மார்கஸின் குறிப்புகள் முழுவதையும் திறக்கிற சாவி என்கிறார். பல குறிப்புகளுக்கு அது அற்புதமாகப் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா? என் வாசிப்பில், இல்லை. சில இடங்களில் கட்டத்துக்குள் அடைப்பதற்காக வாக்கியத்தை வளைக்கிறார் என்றே படுகிறது. இந்த ஐயம் எனக்கு மட்டும் உரியதும் இல்லை.

பதவி, புகழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963-இல் புளோட்டினஸைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதுதான் பொது வாசகர்களிடம் அவரைக் கொண்டுபோனது. 1964-இல் பாரிஸின் உயர் ஆய்வுப் பள்ளியில் மத ஆய்வுப் பிரிவில் ஆய்வு இயக்குநரானார். மொழியைப் பற்றி எழுதிய தத்துவவாதி விட்கன்ஸ்டைனைப் பிரான்சில் முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மொழி ஒவ்வொரு சூழலிலும் ஒவ்வொரு வேலை செய்கிறது என்ற விட்கன்ஸ்டைனின் எண்ணம், பண்டைய நூல்களை அவர் வாசித்த விதத்தில் நேரடியாகத் தெரியும். 1977 கட்டுரையைப் பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ படித்தார். பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் து ஃபிரான்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அவரே ஹதோவை அழைத்தார். ஹதோ 1982-இல் தேர்வானார், 1983 பிப்ரவரியில் தொடக்க உரை ஆற்றினார், 1991 வரை அங்கே கிரேக்க ரோமானியச் சிந்தனை வரலாற்றைக் கற்பித்தார். 2010 ஏப்ரலில், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

ஃபூக்கோ 1984-இல் இறந்துவிட்டதால் இருவருக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய விவாதம் நடக்கவே இல்லை. ஹதோ பிறகு தன் பக்கத்தை எழுதினார். ஃபூக்கோ 'தன்னைத் தானே பேணுதல்' என்று சொல்லும்போது 'தான்' என்பதிலேயே நின்றுவிடுகிறார்; ஸ்டோயிக்குகள் தன்னைத் திருத்திக்கொண்டது தன்னைத் தாண்டிப் போவதற்காக, உலகளாவிய பகுத்தறிவோடு ஒன்றுவதற்காக என்பது ஹதோவின் மறுப்பு. செனெக்காவின் இருபத்துமூன்றாம் கடிதத்தை எடுத்து, அங்கே பேசப்படும் மகிழ்ச்சி தன்னில் தானே அடையும் இன்பம் இல்லை, தன்னுள் இருக்கும் சிறந்த பகுதியில் அடையும் மகிழ்ச்சி என்று காட்டினார். கடிதத்தை லத்தீனில் படித்தால் ஹதோ பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இன்று ஹதோவின் பெயரைச் சொல்லிச் சுயமுன்னேற்றம் பேசுகிறவர்கள் இந்த மறுப்பைப் படித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. 'தத்துவம் ஒரு வாழும் முறை' என்பதை அலெக்சாண்டருக்குப் பிந்தைய ஹெலனிய, ரோமானியக் காலத்துக்குச் சொன்னால் தயங்காமல் ஆம் என்பேன். ஸ்டோயிக், எப்பிக்கூரியப் பள்ளிகளில் சேர்வது ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுப்பதாகவே இருந்தது. தச்சன் வந்து 'தச்சுக்கலை பற்றி நான் பேசுவதைக் கேளுங்கள்' என்று சொல்வதில்லை, வீட்டைக் கட்டிக் காட்டுகிறான் என்று எபிக்டீடஸ் தன் மாணவர்களைக் கண்டிக்கிறார். போர்ஃபிரி சொல்லும் ரொகாத்தியானுஸ் என்ற செனட்டர், புளோட்டினஸிடம் வந்த பிறகு சொத்தைத் துறந்து, பணியாட்களை அனுப்பிவிட்டு, பதவியேற்பு நாளில் காவலர்கள் வாசலில் நிற்கும்போதே வெளியே வர மறுத்தார். இவர்களுக்குத் தத்துவம் பாடத்திட்டமாக இருக்கவில்லை.

அரிஸ்டாட்டிலிடம் வந்தால் தராசு ஆடத் தொடங்குகிறது. அரிஸ்டாட்டிலின் 'அறிவுநோக்கு வாழ்வு' என்பதும் ஒரு வாழும் முறைதான் என்று ஹதோ வாதிடுகிறார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் விலங்குகளின் உறுப்புகளைப் பற்றியும் தருக்க முறைகளைப் பற்றியும் அவர் எழுதிய பக்கங்களைப் பயிற்சி என்ற சொல்லுக்குள் அடக்குவது எனக்குச் செரிக்கவில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் கூப்பர் 2012-இல் எழுதிய நூலில் இன்னும் கூர்மையாக எதிர்த்தார்: பண்டையவர்களுக்குத் தத்துவம் வாழும் முறையாக இருந்தது சரி, ஆனால் வாழ்க்கையை நடத்தியது வாதமும் காரணமும்தான், தியானம் போன்ற பயிற்சிகள் பிற்காலத்தில் சேர்ந்த துணைகள். இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாமும் தத்துவத்தை மற்ற வழிகளிலிருந்து பிரிப்பது வாதம்தான் என்று அழுத்திச் சொல்கிறார். ஹதோ வாதத்தை ஒதுக்கினார் என்பது மிகை. கோட்பாடும் வாழ்க்கைத் தேர்வும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று 1995 நூலில் தெளிவாகவே எழுதுகிறார். ஆனாலும் அவர் பக்கங்களைப் படித்து முடிக்கிறவருக்குப் பயிற்சிகள் மனத்தில் நிற்கும் அளவுக்கு, ஸ்டோயிக் பள்ளியின் கிரிசிப்பஸ் வகுத்த தருக்கம் நிற்பதில்லை. கூப்பரின் குறை இந்த இடத்தில் தைக்கிறது.

தத்துவம் வெறும் பேச்சாக மாறியது எப்படி என்று ஹதோ சொல்லும் கதையும் அரை உறுதிதான். கிறிஸ்தவத் துறவறம் பயிற்சிகளை எடுத்துக்கொண்டது, இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் தத்துவம் இறையியலுக்குக் கருத்துகளைச் சேகரித்துத் தரும் பணிப்பெண்ணானது என்றார். போலந்து அறிஞர் யூலியுஷ் டொமான்ஸ்கி, இடைக்காலத்திலும் மறுமலர்ச்சியிலும் பழைய எண்ணம் உயிரோடு இருந்ததைக் காட்டினார். ஹதோ அதை ஏற்றுத் தன் சித்திரத்தைத் திருத்திக்கொண்டார். அவருடைய பழைய கட்டுரைகளை மட்டும் படிப்பவர்களுக்கு இந்தத் திருத்தம் கண்ணில் படாது.

படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அவருடைய முக்கியமான நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலானவை மைக்கேல் சேஸ் மொழிபெயர்த்தவை. பலரும் 1995-இல் வந்த ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பில் தொடங்குகிறார்கள். நான் அதே ஆண்டு பிரெஞ்சில் வந்து 2002-இல் ஆங்கிலத்துக்குப் போன 'பண்டைய தத்துவம் என்றால் என்ன' என்பதை முதலில் படிக்கச் சொல்வேன். வரிசையாக, சான்றுகளோடு போகும். புளோட்டினஸ் நூல் அழகானது, ஆனால் உடலைத் தாழ்வாகப் பார்க்கும் அந்த மறைஞானத்திலிருந்து ஹதோ பிற்காலத்தில் விலகிவிட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு மாலை ஒதுக்கி, எபிக்டீடஸின் உரைகளில் மூன்றாம் புத்தகம் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். அதில்தான் அந்த மூன்று துறைகள் இருக்கின்றன. உடனே மார்கஸின் ஆறாம் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு குறிப்பும் எந்தத் துறையில் விழுகிறது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். எங்கே ஹதோ சொல்வது கச்சிதமாகப் பொருந்துகிறது, எங்கே நழுவுகிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு அவருடைய மார்கஸ் நூலைத் திறந்தால் அவரோடு சரிக்குச் சரி வாதாடலாம்.